விசிறி சுழன்று நின்றது ஏன்?

திருப்பாச்சூரிலிருந்து வரும் என் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு தாமே ஒரு கணிப்பொறியைப் பூட்டினார். காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தந்தை சேர்த்து வைத்திருந்த பணத்தில், சென்னை ரிச்சி தெருவில் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கியிருந்தார். பொத்தானை அழுத்தினார். விசிறிகள் ஒரு கணம் சுழன்று நின்றுவிட்டன, திரையில் ஒன்றுமில்லை. "எல்லாம் எரிந்துபோச்சா, சார்?" என்று மறுநாள் கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எரிந்துவிட்டது என்று முடிவு கட்டுமுன், பொத்தானை அழுத்தியதும் உள்ளே என்னென்ன நிகழ்கின்றன என்று பார்ப்போம். எந்தப் படியில் ஓட்டம் நின்றது என்பது தெரிந்தால், பழுது இருக்குமிடமும் ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு மாறுதிசை மின்சாரம். எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி அதை 12, 5, 3.3 வோல்ட்டு நேர்திசை மின்சாரமாக மாற்றுகிறது. கணிப்பொறியின் பொத்தான் வீட்டு விளக்கின் சுவிட்சைப் போன்றதன்று. பிளக்கைச் செருகியவுடனேயே 5 வோல்ட்டு மின்னழுத்தம் ஒன்று தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) விழித்திருக்கிறது. பொத்தான் அதற்குச் செய்தி மட்டும் சொல்கிறது. தாய்ப்பலகைதான் மின்வழங்கியை எழுப்புகிறது. மின்னழுத்தங்கள் நிலைபெற்றதும், 0.1 முதல் 0.5 விநாடிக்குள், "எல்லாம் சரி" என்னும் சைகையை மின்வழங்கி அனுப்புகிறது. அதுவரை செயலி தொடங்காது. எங்கேனும் குறுக்குச் சுற்று ஏற்பட்டு அளவுக்கு மீறி மின்னோட்டம் பாய்ந்தால், மின்வழங்கி தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். நம் மாணவரின் விசிறிகள் நின்றதற்கு இதுவே காரணமாயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

விசிறி நிற்காமல் சுழன்று, திரை மட்டும் இருண்டிருந்தால் கதை வேறு. செயலிக்கு அருகே 4 அல்லது 8 முனை கொண்ட தனி இணைப்பு ஒன்று உண்டு. புதிதாகப் பூட்டுவோர் அதை மறந்துவிடுவார்கள். அது ஏன் தனியே வேண்டும்? 65 வாட்டு செயலி ஏறத்தாழ 1.2 வோல்ட்டில் இயங்குவதாகக் கொள்வோம். வகுத்துப் பாருங்கள்: 54 ஆம்பியர்! வீட்டு மின்கம்பிகூட இதைத் தாங்காது. ஆகவே 12 வோல்ட்டில் சுமார் ஐந்தரை ஆம்பியராகக் கொண்டுவந்து, செயலியின் அருகிலேயே மின்னழுத்தத்தைக் குறைக்கிறார்கள்.

அந்த இணைப்பும் சரியென்றால் அடுத்து நினைவகத் தகடு, அதாவது ராம். அது 'டிக்' என்று பொருந்தும்வரை அழுத்தப்பட வேண்டும். செயலி விழித்ததும் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்கிறது. 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி., சோதனை வெற்றியானால் ஒரு சிறு 'பீப்' ஒலி எழுப்பும். இன்றைய தாய்ப்பலகைகள் பலவற்றில் சிறு விளக்குகள், சோதனை எந்த உறுப்பில் நின்றது என்று காட்டுகின்றன. டி.டி.ஆர்.5 நினைவகமாயின் முதல் தடவை சில நிமிடங்கள்கூடத் திரை இருண்டிருக்கலாம், பொறுத்திருங்கள்.

மாணவரின் வீட்டுக்குப் போனேன். முதலில் பிளக்கைப் பிடுங்கினோம். தாய்ப்பலகையை இரும்புப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்தோம். செயலி, அதன் விசிறி, ஒரே ஒரு ராம், மின்வழங்கி, திரை, வேறெதுவும் இல்லை. (அவருடைய செயலியிலேயே படம் காட்டும் பகுதி இருந்தது.) பிளக்கைச் செருகி, பொத்தானுக்குரிய இரு முனைகளைத் திருப்புளியால் ஒரு கணம் தொட்டேன். விசிறி சுழன்றது. நிற்கவில்லை! திரையில் எழுத்துகள் தோன்றின.

அப்படியானால் குற்றவாளி பெட்டிதான். பலகையைத் தாங்கும் பித்தளைத் தாங்கிகளை எண்ணினோம். பலகையில் துளைகள் ஒன்பது, தாங்கிகளோ பத்து. துளையில்லாத இடத்தில் நின்ற பத்தாவது தாங்கி, பலகையின் அடியிலுள்ள பற்றவைப்புப் புள்ளிகளைத் தொட்டு, அவற்றை இரும்புப் பெட்டியோடு இணைத்துவிட்டிருந்தது.

ஒரு எச்சரிக்கை. மின்வழங்கியின் மூடியை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட்டின் உச்ச மதிப்பு 325 வோல்ட்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கி அந்த மின்னூட்டத்தைச் சிறிது நேரம் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

தாங்கியைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் மீண்டும் பூட்டி முடிக்க இரவு ஒன்பதாகிவிட்டது. இம்முறை பொத்தானை அழுத்தியவர் அவருடைய தந்தை.