மனச்சோர்வு மாத்திரையை பாதியில் நிறுத்தலாமா? தொடங்கும்போதும் விடும்போதும் என்ன நடக்கும்?

"இப்போ நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு மாத்திரை?" மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ சிகிச்சை எடுப்பவர்களின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "பழகிடப் போகுது, விட்டுடு" என்று உறவினர்களும் சேர்ந்து சொல்ல, ஒருநாள் மாத்திரை திடீரென நின்றுபோகிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூஆக்சிடின் போன்றவை இன்று அதிகம் எழுதித் தரப்படும் மாத்திரைகள். மூளையில் உள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டை இவை கூட்டுகின்றன. தலைவலி மாத்திரை மாதிரி அரை மணி நேரத்தில் பலன் தெரியாது. மாற்றம் தெரியவே 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம், முழுப் பலனுக்கு அதற்கும் மேல்.

ஆனால் பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு, சிலருக்கு படபடப்பு. பதற்றம் குறையத்தான் மாத்திரை போட்டோம், பதற்றம் கூடுதே என்று பலர் இந்தக் கட்டத்தில்தான் கைவிடுகிறார்கள். இவை பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் அடங்கிவிடும். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல கூட்டுவதும் இதற்காகத்தான். தாம்பத்திய ஆர்வம் குறைவதும் உண்டு. வெட்கப்பட்டு சொல்லாமல் மாத்திரையை விடுவதைவிட, சொல்லிவிட்டால் மருத்துவர் மருந்தையோ அளவையோ மாற்ற முடியும்.

இளம் வயதினருக்கு கூடுதல் கவனம்

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் தற்கொலை எண்ணம் அதிகரிக்கலாம் என்று 2004-ல் இந்த மருந்துகளுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கொடுத்தது. 2007-ல் அது 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது. மருந்தே வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. முதல் சில வாரங்களிலும், அளவு மாற்றும்போதும் வீட்டில் ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டும் என்பதுதான். வழக்கத்துக்கு மாறான எரிச்சல், நிலைகொள்ளாத தவிப்பு, சாவைப் பற்றிய பேச்சு இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், கண்டபடி செலவு என்று மாறினாலும் அப்படித்தான். அது இருதுருவக் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம்.

வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்கும்போது, நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். டிரமடால் என்ற வலி நிவாரணி சேர்ந்தால் செரட்டோனின் ஆபத்தான அளவுக்கு உயரலாம். காய்ச்சல், நடுக்கம், தசை இறுக்கம், குழப்பம் சேர்ந்து வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ஐபுப்ரோஃபென் சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். மது வேண்டவே வேண்டாம்.

பழக்கமாகிவிடுமா?

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆரம்பத்தில் தூக்கத்துக்கும் படபடப்புக்கும் குளோனசிபாம், அல்பிரசோலம் போன்றவற்றை அதே சீட்டில் சில நாட்களுக்கு எழுதுவதுண்டு. பழக்கமாகக்கூடியவை அவைதான். பலர் செய்வதோ தலைகீழ்: மனச்சோர்வு மாத்திரையை விட்டுவிட்டு, பழைய சீட்டைக் காட்டி தூக்க மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

மனச்சோர்வு மாத்திரைக்காக ஏங்க வைக்கும் போதை கிடையாது. ஆனால் உடல் அதற்குப் பழகியிருக்கும். சட்டென நிறுத்தினால் சில நாட்களிலேயே தலைசுற்றல், எரிச்சல், விசித்திரக் கனவுகள், தலைக்குள் ஷாக் அடித்தது போன்ற உணர்வு வரலாம். பராக்சிடின், வென்லாஃபாக்சின் மருந்துகளில் இது அதிகம். நோய் திரும்புவது வேறு. அது பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வரும்.

குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும், திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இன்னும் நீளும். பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கர்ப்பம் உறுதியானாலும் தானாக நிறுத்தாமல் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். ஒருவேளை மறந்துவிட்டால், அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது.

மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்து பற்றி குழப்பமோ, தற்கொலை எண்ணமோ வந்தால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைத்து தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் உள்ளது.