பழம்படம் தேடுந் தொழில்

நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு காட்ட முயல்வது ஆவணப்படம். அதன் இயக்குநரைப் பலரறிவர். பழைய படச்சுருளையும் ஒளிப்படத்தையும் தேடிக் கொணர்பவரை அறிவார் சிலரே. தொலைக்காட்சி நிலையங்கட்கு இன்றியமையாத அத்தொழிலின் இயல்பை ஈண்டு நோக்குவாம்.

தமிழருள் இத்துறை முன்னோடி ஏ. கே. செட்டியார். காந்தியடிகளைப் பற்றிப் படமெடுக்க 1937 இல் எண்ணிய அவர், நெடும்பயணஞ்செய்து, பலர் எடுத்த 50,000 அடிச் சுருளைத் திரட்டினார். 1940 இல் வெளிவந்த படமோ 12,000 அடி. 35 மில்லிமீற்றர்ச் சுருள் ஒலிப்பட வேகத்தில் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். எனவே ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட காட்சிகளை இரண்டேகால் மணியளவிற் சுருக்கினார் என்க.

தேடுநர் ஒவ்வொரு காட்சியிடத்தும் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும்: யாது? எப்போது? எங்கே? எவருடையது? 1916 இல் வெளிவந்த சொம் போர் குறித்த ஆங்கிலப் படத்தில், வீரர் அகழியினின்று ஏறிப் பாயும் புகழ்பெற்ற காட்சி நடித்தெடுக்கப்பட்டதாகும். முதல் மூன்று வினாக்களைக் கேளாதார் அதனை உண்மைப் போரெனவே காட்டுவர். நான்காவது பொருள் பற்றியது. சுருளை வைத்திருப்பவர் ஒருவர், உரிமையுடையவர் வேறொருவர் ஆதலுங் கூடும். உரிமை நிலவுங் காட்சியைப் பொதுவாக உரியவர் இசைவின்றிக் காட்டலாகாது.

இத்தொழிலை விரும்பும் மாணாக்கர் வரலாற்றோடு தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் பயில்க. கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்தின் பட்டியல்களையும், 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் இணையத் தொகுப்பையும் ஆராய்ந்து பழகுக. முதலிற் சிறு தேடல்களை ஏற்று, காலந்தவறாது முடித்துக் கொடுப்பாரையே தயாரிப்பாளர் மீண்டும் நாடுவர்.

பயிற்சியைத் தத்தம் ஊரிலேயே தொடங்கலாம். 2009 தை மாதத்தில் எமது உடையார்கட்டைப் போர் சூழ்ந்தபோது, மக்கள் கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டு ஓடினர். எம் வீட்டுப் படத் தொகுதியும் அவ்வாறே போயிற்று. தந்தையார் குளக்கட்டில் நிற்கும் படமொன்று வெளிநாட்டு உறவினரிடமிருந்து பின்னர் வந்தது. அதன் பின்புறத்தில் ஆண்டுமில்லை, ஊருமில்லை, பெயருமில்லை. எம்மை அறியாதார்க்கு, யாரோ ஒருவர் ஏதோ ஒரு குளத்தருகே நிற்கும் படமே அது.

ஆதலின் எஞ்சிய படங்களை முதியோரிடங் காட்டி, பெயர், இடம், ஆண்டு, எடுத்தவர் ஆகியவற்றைக் கேட்டு, மென்பென்சிலாற் பின்புறத்தில் எழுதி வையுங்கள். நாளை வன்னியைப் பற்றிப் படமெடுப்பார் நாடிவருவது அவ்வெழுத்தையே. முதியோர் மறைந்தபின் அதனைக் கேட்டறிதற்கு வேறிடமில்லை.