பல்வேரை அடைக்கும் பசை

பல்லின் மேற்புறம் கல்லைப் போன்று வலியதாயினும், அதன் நடுவே நரம்பும் குருதிக் குழாய்களும் பொருந்திய மென்மையான கூழ் உண்டு. சூத்தை ஆழ்ந்து சென்று அக்கூழ் அழுகிவிட்டால், பல்லைப் பிடுங்குவது ஒன்றே வழியென்று பலர் எண்ணுவர். ஆயினும், அழுகிய கூழை நீக்கி, வேரினுட் செல்லும் ஒடுங்கிய கால்வாயைத் துப்புரவாக்கி, அதனை நிரப்பி, அப்பல்லையே காப்பாற்றுதல் பெரும்பாலும் இயலும்.

கால்வாயை நிரப்பும் பொருள்களுள் முதன்மையானது கட்டாபேர்ச்சா. மலாய் நாட்டு மரமொன்றின் பாலிலிருந்து பெறப்படும் இது, மெல்லிய குச்சிகளாக உருவாக்கப்பட்டு வேரினுட் செலுத்தப்படுகின்றது. ஆனால் கட்டாபேர்ச்சா பல்லின் சுவரில் ஒட்டுவதில்லை. கால்வாயோ வளைவும் கிளையும் உடையது. எனவே இடையிடையே வெளிகள் எஞ்சும். அவ்வெளிகளிற் கிருமிகள் மீண்டும் பெருகினால், செய்த சிகிச்சை வீணாகும். அவற்றை மூடுவதற்கே அடைப்புப் பசை வேண்டப்படுகின்றது.

அப்பசை எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? அமெரிக்கப் பல்மருத்துவ அறிஞர் லூயி குரொஸ்மன் இதற்குரிய பண்புகளை வகுத்துக் கூறினார். பசை சுவரோடு ஒட்ட வேண்டும், இறுகும்போது சுருங்கலாகாது, உடல் நீரிற் கரையலாகாது, பல்லின் நிறத்தைக் கெடுத்தலாகாது, வேர் நுனியைச் சூழ்ந்த இழையங்களை உறுத்தலாகாது, எக்ஸ் கதிர்ப் படத்திலே தெளிவாகத் தெரிய வேண்டும், வைத்தியர் வேலையை முடிக்கும் வரை இறுகாதிருத்தல் வேண்டும், பின்னொரு காலத்தில் அகற்ற நேர்ந்தாற் கரைத்தெடுக்கவும் இயல வேண்டும். பசை 0.05 மில்லிமீற்றருக்கு மேற்படாத மென்படலமாகப் பரவ வேண்டுமென்றும், நீரில் அதன் கரைவு நூற்றுக்கு 3 பங்கை மிஞ்சலாகாதென்றும் சர்வதேச நியமம் விதிக்கின்றது.

இப்பண்புகள் யாவும் ஒருங்கே அமைந்த பசை இன்னும் தோன்றவில்லை என்பதே உண்மை. நெடுங்காலம் வழங்கி வந்தது நாக ஒட்சைட்டுத் தூளை யூஜினோலுடன் குழைத்த பசையாகும். பல்வலிக்கு நம்மவர் இடும் கராம்பெண்ணெயின் முதன்மைக் கூறே இந்த யூஜினோல். இப்பசை கிருமிகளை அடக்கும். ஆயினும் இறுகுமுன் இழையத்தை ஓரளவு உறுத்தும், காலப்போக்கிற் சிறிது கரையும். எபொக்சிப் பிசினால் ஆன பசை நன்கு ஒட்டும், மிகக் குறைவாகவே கரையும். கிருமிகளை அடக்கும் ஆற்றலோ அது இறுகிய பின் பெரிதும் குன்றிவிடும். கல்சியம் சிலிக்கேற்றுப் பசை பிற்காலத்தது; கட்டடச் சீமெந்துக்கு உறவான இது, வேரிலுள்ள ஈரத்தைக் கொண்டே இறுகுவது; இழையத்துக்கும் இணக்கமானது. எனினும், இறுகிய பின் கால்வாயிலிருந்து அதனை முற்றாக அகற்றுதல் கடினம்.

முன்னர் சில பசைகளிற் போமல்டிகைட்டும் சேர்க்கப்பட்டது. கிருமியைக் கொல்லும் அந்நஞ்சு உயிருள்ள இழையத்தையும் கொல்லவல்லது. கீழ்த்தாடையில் அது வேர் நுனியைக் கடந்து நரம்பைத் தீண்டினால், உதடு நீங்காத மரப்புக்கு உள்ளாகலாம். வலிமை மிக்க மருந்தே சிறந்த பசை என்னும் கருத்து எத்துணைப் பிழையானது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

ஆகவே, கால்வாயைச் செவ்வனே துப்புரவாக்கி, கட்டாபேர்ச்சாவால் நெருக்கமாக நிரப்பி, எஞ்சிய இடுக்கை மட்டும் பசையால் மூடுவதே முறையாகும். துப்புரவின் குறையை எந்தப் பசையும் ஈடுசெய்யாது. நோயாளியின் கடமையும் ஒன்றுண்டு. வலி தீர்ந்ததென்று தற்காலிக அடைப்போடு இருந்துவிடாமல், வைத்தியர் குறித்த நாளிற் சென்று பல்லின் மேற்புறத்தை நிலையாக மூடுவித்தல் வேண்டும். மேலே வாயில் திறந்திருந்தால், உமிழ்நீரோடு கிருமிகள் உட்புகும். உள்ளே இட்ட பசை எத்துணை நல்லதாயினும் அதனை நெடுநாள் தடுக்கமாட்டாது.