கோளமல்லாத துகளும் சிதறும் ஒளியும்

ஒளி ஒரு நுண்துகளில் பட்டுப் பல திசைகளில் பிரிவதே ஒளிச்சிதறல். துகள் சீரான கோளமாயின் அதைக் கணக்கிடும் வழியை ஜெர்மானிய இயற்பியலாளர் குஸ்தாவ் மீ 1908-இல் வகுத்தார், ஆனால் பாலைவனத் தூசியும் எரிமலைச் சாம்பலும் கோளங்கள் அல்ல. விண்மீனிடைத் தூசியை ஆராய்ந்த பர்செலும் பென்னிபேக்கரும் 1973-இல், கோணல்மாணலான துகளை நுண்ணிய இருமுனைகளின், அதாவது ஒளியலையால் மின்னூட்டம் அதிரும் புள்ளிகளின், தொகுப்பாகக் கருதும் முறையை முன்வைத்தனர். கணினியை வருத்தும் முறைதான், எனினும் எவ்வடிவத்துக்கும் ஒத்துவரும். ஒழுங்கின்மையால் பயனும் உண்டு: ஒரே தளத்தில் அதிரும் லேசர் ஒளியைக் கோள நீர்த்துளி அத்தளம் மாறாமல் நேர் பின்னோக்கித் திருப்ப, தூசியும் பனிப்படிகமும் அதைக் குலைக்கின்றன. 2006-இல் ஏவப்பட்ட கலிப்ஸோ செயற்கைக்கோள், மேகத்தில் இருப்பது நீரா பனியா என்பதைப் பெரிதும் இவ்வேறுபாட்டைக் கொண்டே பிரித்தறிந்தது.