வரி விளம்பரப் பக்கம் மெலிந்த ஆண்டுகள்

2008 டிசம்பர் 1. மந்தநிலை எந்த மாதம் தொடங்கியது என்று அமெரிக்காவுக்குத் தேதி குறித்துச் சொல்லும் பொருளாதார ஆராய்ச்சி அமைப்பு அன்றுதான் வாய் திறந்தது: 2007 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டதாம். ஓராண்டு கழித்து வந்த அறிவிப்பு! அதற்குள் லேமன் பிரதர்ஸ் வங்கி சரிந்திருந்தது. லட்சக்கணக்கானோர் வேலையிழந்திருந்தார்கள்.

ஆனால் அறிகுறிகள் அதற்கு வெகுமுன்பே இரண்டு தொழில்களில் தெரிந்துவிட்டன. ஒன்று வீடு, மற்றொன்று செய்தித்தாள்.

முதலில் வீடு. 2005இல் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் அதிகமான புதிய வீடுகளின் கட்டுமானம் தொடங்கியது. 2009இல் அது சுமார் ஐந்தரை லட்சமாகச் சுருங்கியது. ஒரு வீட்டின் வேலை நின்றால் கொத்தனார், தச்சர், எலக்ட்ரீஷியன், லாரி ஓட்டுநர் எல்லோருடைய கூலியும் நிற்கும். ஃபிரிட்ஜ், சோபா விற்கும் கடையும் வெறிச்சோடும். அதனால்தான் கட்டட அனுமதிகளின் எண்ணிக்கையைப் பொருளியலாளர்கள் மாதந்தோறும் உற்றுப் பார்க்கிறார்கள்.

அடுத்த அறிகுறி, தவணை தவறுவது. அன்று பரவலாக விற்ற ஒரு கடனை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 30 ஆண்டுகள். முதல் 2 ஆண்டுகளுக்கு வட்டி குறைவு, மூன்றாம் ஆண்டிலிருந்து எகிறும். வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்தவரை, புதுக்கடன் வாங்கிப் பழைய கடனை அடைத்துச் சமாளித்தார்கள். 2006இல் விலை உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. இத்தகைய கடன்களை அள்ளிக் கொடுத்த நியூ செஞ்சுரி நிறுவனம் 2007 ஏப்ரல் 2 அன்று திவால் மனு கொடுத்தது. கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் போன்ற ஊர்களில் வீடுகள் அடுத்தடுத்து ஏலத்துக்கு வந்தன. ஆளில்லாத வீடுகளின் நீச்சல் குளங்களில் பாசி பிடித்துக் கொசு பெருகியது. வாசல் புல்தரை காய்ந்து கிடந்தது.

செய்தித்தாளுக்கு இந்த அடி எப்படி வந்தது? வேலை, கார், வீடு ஆகிய மூன்றுக்குமான வரி விளம்பரங்கள்தான் அமெரிக்க நாளிதழ்களுக்குக் கறவை மாடாக இருந்தன. இணையம் அதை ஏற்கெனவே பங்குபோட்டுக்கொண்டிருந்தது. வீட்டு வியாபாரம் படுத்ததும் மிச்சமும் வற்றியது. 2000இல் ஏறக்குறைய 1,960 கோடி டாலராக இருந்த வரி விளம்பர வருவாய், 2009இல் சுமார் 620 கோடிக்கு இறங்கியது.

இரு தொழில்களின் கதையும் சாம் ஜெல் என்ற சிகாகோ ரியல் எஸ்டேட் அதிபரிடம் வந்து சேர்கிறது. 2007 பிப்ரவரியில், அலுவலகக் கட்டடச் சந்தை உச்சத்தில் இருந்தபோது, தம் அலுவலகக் கட்டட நிறுவனத்தைக் கடன் உட்பட 3,900 கோடி டாலருக்கு விற்றார். அதே ஆண்டு டிசம்பரில், சிகாகோ ட்ரிப்யூன், லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் இதழ்களை நடத்திய ட்ரிப்யூன் நிறுவனம் அவர் கைக்கு வந்தது. 820 கோடி டாலர் பேரத்தில் அவர் போட்டது 31.5 கோடி மட்டுமே. மற்றதெல்லாம் கடன். பங்குகளை ஊழியர்களின் ஓய்வுக்காலத் திட்டத்தின் பெயரில் வைத்தார்கள். ஓராண்டில், 2008 டிசம்பர் 8 அன்று, சுமார் 1,300 கோடி டாலர் கடனோடு நிறுவனம் திவாலானது. ஊழியர்களின் பங்குகள் மதிப்பிழந்தன. அந்தக் கடனை வாங்கியது அவர்கள் அல்ல. ஆனாலும் முதுமைக்கான அவர்கள் சேமிப்பு அதில் கரைந்தது.

கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் முக்கிய நாளிதழ்களை நடத்திய மெக்லாச்சி நிறுவனம் 2008 ஜூனில் 1,400 வேலைகளை வெட்டியது. வீடுகள் மிக அதிகமாகப் பறிபோன மாநிலங்களில் இவை இரண்டும் அடக்கம். டென்வரின் ராக்கி மவுண்டன் நியூஸ், 150ஆம் பிறந்தநாளுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில், 2009 பிப்ரவரி 27 அன்று கடைசி இதழை அச்சிட்டது. எந்தத் தெருவில் எத்தனை வீடு ஏலம் போகிறது என்று எழுத வேண்டிய நேரத்தில், இந்த நாளிதழ்களின் நிருபர்கள் மேசையைக் காலிசெய்துகொண்டிருந்தார்கள்.