உலகத் தமிழாராய்ச்சி மன்றம்: தலைமையும் வளர்ச்சியும்

செஞ்சிக்கு அண்மையிலுள்ள திருநாதர் குன்றில், சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தமையைக் கூறும் பழங்கல்வெட்டொன்று உண்டு. அதனை ஆராயப் புகும் மாணவனுக்கு எழுத்தியல் வல்லார், சமண நூல் வல்லார், இலக்கணம் வல்லார் என மூவர் துணையேனும் வேண்டும். அம்மூவரும் ஒரே தமிழ்த்துறையில் வாய்த்தல் அரிது. துறையாலும் நாட்டாலும் பிரிந்துள்ள அறிஞரை ஒருங்கு கூட்டும் மன்றம் வேண்டப்படுவது இதுபற்றியேயாம்.

1964 சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை ஆய்வாளர் உலக மாநாடு நிகழ்ந்தகாலை, சேவியர் தனிநாயக அடிகளும் வ. அய். சுப்பிரமணியமும் ஆண்டு வந்திருந்த தமிழாய்வாளரைத் தனியே கூட்ட, உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றிற்று. தலைமை பிரெஞ்சு அறிஞர் ழான் பிலியோசாவுக்கு அளிக்கப்பட்டது. அடிகளார், செக்கு நாட்டுக் கமில் சுவெலபிலுடன் செயலாளர் பணியை ஏற்றார். தலைமையைப் பிறர்க்கு ஈந்து சுமையைத் தாம் தாங்கிய இச்செயலே மன்றம் விரைந்து வளர்ந்தமைக்குக் காரணம் என்பது எம் கருத்து. 1966இல் கோலாலம்பூர், 1968இல் சென்னை, 1970இல் பாரிசு, 1974இல் யாழ்ப்பாணம் என நான்கு மாநாடுகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன.

சென்னை மாநாட்டின்போது கடற்கரையில் தமிழ்ப் பெரியோர் சிலைகள் எழுந்தன, ஆய்வரங்கு பெருவிழாவுமாயிற்று. விழாவை யாம் இகழ்கின்றோமல்லேம். விழாவிற்குரிய காலக்கணக்கு வேறு, கட்டுரையைத் திருத்தி அரங்கேற்றுதற்குரிய காலக்கணக்கு வேறு என்பதே ஈண்டுக் கருதற்பாலது.

இவ்வேறுபாடு பின்னர் வெளிப்பட்டது. மன்றத் தலைவராயிருந்த சப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராசிமா (செஞ்சியை உள்ளடக்கிய பழைய தென்னார்க்காட்டுக் கல்வெட்டுகளைக் கொண்டு நாயக்கர் ஆட்சியை ஆராய்ந்தவர் இவரே), தமிழக அரசு குறித்த காலம் ஆய்வுரைகளை ஆயத்தம் செய்தற்குப் போதாதென இசையாராயினார். அரசு 2010 சூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டைத் தனியே நடத்திற்று.

கராசிமா மறுத்தது தவறென்று யாம் கூறோம். ஆயின், மாநாடு கூட்டுதற்கு அரசின் பொருளையே எதிர்நோக்கும் மன்றம் மறுத்தபின் தானே நடத்துதற்கு வலியின்றி நிற்கும். எட்டாம் மாநாடு தஞ்சையில் 1995இல் நிகழ்ந்தது. ஒன்பதாவது கோலாலம்பூரில் கூடியதோ 2015இல். இடைப்பட்ட இருபதாண்டில் முனைவர் பட்டம் பெற்ற தமிழ் மாணவர், அம்மன்றத்தின் மாநாட்டில் அயல்நாட்டு அறிஞர் முன் தம் கட்டுரையைப் படித்துத் தடைவிடைகட்கு ஆளாகும் வாய்ப்பின்றியே ஆசிரியராயினர். இதனை எழுதுவோனும் அவருள் ஒருவன்.