ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்த வாஜ்பாய் அரசு: 1999-ல் தலைவர்கள் போட்ட கணக்கு என்ன?

ஆதரவு 269. எதிர்ப்பு 270. 1999 ஏப்ரல் 17-ம் தேதி மக்களவையில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பின் முடிவு இதுதான். ஒரே ஒரு ஓட்டில் 13 மாத வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது. ஆனால் கவிழ்த்தவர்களாலும் ஆட்சி அமைக்க முடியவில்லை. ஏன்?

அதிமுக ஏன் விலகியது?

1998 தேர்தலில் அதிமுக ஜெயித்தது 18 இடங்கள். பாஜக ஆட்சி நிற்க அந்த 18 பேர் தேவை. தமிழகத்தில் திமுக ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்று ஜெயலலிதா கேட்டார், வாஜ்பாய் அசையவில்லை. மார்ச் 29-ல் டெல்லியில் சுப்பிரமணியன் சுவாமி கொடுத்த தேநீர் விருந்தில் சோனியா காந்தியும் ஜெயலலிதாவும் சந்தித்தனர். ஏப்ரல் 14-ல் ஆதரவு வாபஸ். பெரும்பான்மையை நிரூபிக்கச் சொன்னார் குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன்.

திமுக ஏன் பாஜகவை ஆதரித்தது?

1976, 1991 என இரண்டு முறை டெல்லியால் கலைக்கப்பட்டது கருணாநிதி ஆட்சி. அதிமுக ஆதரவோடு மத்தியில் புது அரசு வந்தால் மூன்றாவது முறையும் அது நடக்கலாம். திமுக வாஜ்பாய்க்கு ஆதரவாக ஓட்டு போட்டது.

எங்கே சறுக்கியது?

மாயாவதியின் பகுஜன் சமாஜ் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாது என்று பாஜக நம்பியது. கடைசி நேரத்தில் அந்தக் கட்சி எதிர்த்து ஓட்டு போட்டது. தேசிய மாநாட்டுக் கட்சி அரசுப் பக்கம்தான். ஆனால் அதன் எம்.பி. சைபுதீன் சோஸ் கொறடா உத்தரவை மீறினார். ஒடிசா முதல்வராகிவிட்ட காங்கிரஸின் கிரிதர் கமாங், எம்.பி. பதவியை விடாததால் அவையில் வந்து எதிர்த்து ஓட்டு போட்டார். இதில் ஒரு ஓட்டு மாறியிருந்தாலும் கதையே வேறு.

சோனியா சொன்ன 272 எங்கே போச்சு?

தனக்கு 272 பேர் ஆதரவு இருப்பதாகச் சொன்னார் சோனியா. அங்கேதான் முட்டுக்கட்டை போட்டார் முலாயம் சிங் யாதவ். சமாஜ்வாதியின் 20 எம்.பி.க்களும் வாஜ்பாயை எதிர்த்தவர்கள்தான். ஆனால் உத்தரப் பிரதேசத்தில் காங்கிரஸ் இழந்த இடத்தில் வளர்ந்த கட்சி அது. காங்கிரஸ் மீண்டும் எழுந்தால் அடி அவருக்கே. எனவே சோனியா தலைமையிலான அரசை ஆதரிக்க மறுத்துவிட்டார். ஏப்ரல் 26-ல் மக்களவை கலைக்கப்பட்டது.

கடைசியில் யாருக்கு லாபம்?

செப்டம்பர், அக்டோபரில் தேர்தல் நடந்தது. கார்கில் போருக்குப் பின் நடந்த அந்தத் தேர்தலில் வாஜ்பாய் மீண்டும் பிரதமரானார். காங்கிரஸ் 141-லிருந்து 114-க்கு இறங்கியது. அதிமுக 18-லிருந்து 10-க்கு வந்தது. பாஜகவோடு சேர்ந்த திமுக 6-லிருந்து 12 ஆனது. மத்திய அமைச்சரவையிலும் இடம்பிடித்தது.

கவிழ்ப்பதற்கு, 'இவர் வேண்டாம்' என்று 270 பேர் சொன்னால் போதும். ஆட்சி அமைக்க, 'இவர்தான் வேண்டும்' என்று அத்தனை பேரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுத்தால்தான் நாடாளுமன்றம் இப்போதைய பிரதமரை நீக்க முடியும். இந்தியாவில் அப்படி விதி இல்லை. அந்த இடைவெளியில்தான் 1999-ல் நாடு மீண்டும் தேர்தலுக்குப் போனது.